வீடியோ வாக்குமூலம் போதுமா?

ரயில்வே விபத்து விசாரணைகளில் நாங்கள் பதிவேட்டைப் பார்ப்பதோடு நிறுத்தமாட்டோம். எழுதியவரையும் அழைத்துக் கேட்போம். நீதிமன்ற வழக்கமும் அதுவே.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 180ஆம் பிரிவுப்படி, போலீசார் சாட்சியின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பதிவே சாட்சியமாகிவிடாது. சாட்சி நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்துச் சொல்ல வேண்டும்; குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு வேண்டும். சாட்சி அங்கே மாற்றிப் பேசினால், முரண்பாட்டைக் காட்டவே முந்தைய வாக்குமூலம் உதவும்.

ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு ஒரு வசதி உண்டு. நீதிமன்றம் அனுமதித்தால், வீடியோ கான்பரன்ஸ் மூலம் இங்கிருந்தே நேரடியாகச் சாட்சி சொல்லலாம். பிரபுல் தேசாய் வழக்கில் 2003இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அதில் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார். பழைய பதிவில் இல்லை.

ஆகவே, ‘வீடியோவில்தான் சொல்லியாயிற்றே’ என்று சம்மனை அலட்சியம் செய்யாதீர்கள்.