நீந்தத் தெரிந்தவனும் நீரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பாக் ஜலசந்தியை முதலில் நீந்திக் கடந்தவராக அறியப்படுபவர் யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி. ஆண்டு 1954. பதினேழு ஆண்டுகள் கழித்து, 1971-இல், வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன் இலங்கைக் கரையிலிருந்து தமிழகக் கரைக்கு நீந்தி வந்து, அத்துடன் நில்லாமல் நீந்தியே திரும்பியும் சென்றார். மொத்தம் 51 மணி நேரம். ‘ஆழிக்குமரன்’ என்று தமிழுலகம் அவரைப் போற்றியது. அவரே 1984 ஆகஸ்டு மாதத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிர் நீத்தார். அக்கால்வாயின் மிகக் குறுகிய அகலம் சுமார் 34 கி.மீ. மட்டுமே.

இரண்டு நாட்களுக்கு மேல் கடலில் கிடந்து மீண்ட ஒருவருக்கு நீச்சல் போதாது என்று யாரும் கூற மாட்டார்கள். நம் பகுதியிலும் இதன் சிறிய வடிவத்தைக் காண்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஏரிகளும் மண் எடுத்த பள்ளங்களும் நிறைந்துவிட்டால், நீரில் இறங்கிய இளைஞர் ஒருவர் கரையேறவில்லை என்ற செய்தி எங்கிருந்தாவது வரும். ‘நன்றாக நீந்துவானே!’ என்று ஊரார் வியந்து அழுவதும் உண்டு. நீச்சலில் கையும் காலும் செய்யும் வேலை ஒன்று. நீர் உடலின்மீது செய்யும் வேலை மற்றொன்று. இரண்டாவதைப்பற்றி உடலியல் அறிஞர்கள் கண்டறிந்தவற்றுள் சிலவற்றை எழுத விழைகிறேன்.

எடையும் உழைப்பும்

நம் உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்தியே. மூச்சை நிறைய உள்ளிழுத்தால் பெரும்பாலோர் மிதப்போம். முற்றிலும் வெளிவிட்டால் மூழ்குவோம். கழுத்தளவு நீரில் நிற்பவனுடைய பாதங்கள் தாங்கும் சுமை, நிலத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவே. மூட்டுவலி உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் நீரில் பயிற்சி கூறுவது இதனால்தான். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எலும்பு உறுதியாக வளர, அதன்மீது சுமையும் அதிர்ச்சியும் விழவேண்டும். ஓடுபவர், தாண்டுபவர் ஆகியோரின் எலும்புகளைவிட நீச்சல் வீரர்களின் எலும்புகள் அடர்த்தி குறைந்தவை என்றும், விளையாட்டில் ஈடுபடாதவர்களுடையதைவிடப் பொதுவாக மேம்பட்டவை அல்ல என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீச்சலே எல்லா உடற்பயிற்சிகளிலும் முழுமையானது என்று எழுதுவோர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர்.

நீர் காற்றைப்போல் சுமார் 800 மடங்கு அடர்த்தியுடையது. ஆதலின், ஒரு தூரத்தை ஓடிக் கடக்கத் தேவைப்படும் ஆற்றலைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆற்றல், அதே தூரத்தை நீந்திக் கடக்கத் தேவைப்படுகிறது. சுவீடன் நாட்டில் லில்யேஸ்ட்ராண்டு, ஸ்டென்ஸ்ட்ரோம் என்னும் இருவர் 1919-இலேயே நீந்துபவர் செலவிடும் பிராணவாயுவை அளந்தனர். பின்னர் 1970-களின் தொடக்கத்தில் அதே நாட்டில் ஆஸ்ட்ராண்டு என்பவர், நீரை ஓடவிட்டு நீந்துபவனை ஒரே இடத்தில் நீந்தச் செய்யும் தொட்டியைப் பயன்படுத்தினார். இவ்வகை ஆய்வுகளால் தெரியவந்தது என்னவெனில், தேர்ந்த வீரனும்கூடத் தான் செலவிடும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே முன்னேறுவதற்குப் பயன்படுத்துகிறான், மீதி வெப்பமாகிறது. கிணற்றில் கற்ற நம்மவர் தலையை நிமிர்த்திக்கொண்டே நீந்துவது வழக்கம். தலை மேலே எழுந்தால் இடுப்பும் காலும் கீழே தாழும். நீரின் தடை கூடும். களைப்பின் பெரும்பகுதி அதனால் வருவதே.

நெஞ்சுக்குள் வரும் இரத்தம்

ஒரு மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் பாதரச அளவில் 70 மில்லிமீட்டருக்கும் சற்று மேல். கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிரைகளை இவ்வழுத்தம் பிழிகிறது; அங்கிருந்த இரத்தம் மார்புக்குள் ஏறுகிறது. சுவீடனைச் சேர்ந்த அர்போரேலியஸ் குழுவினர் 1972-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கழுத்துவரை நீரில் அமர்ந்திருப்பவனின் மார்புக்குள் சுமார் 700 மில்லிலிட்டர் இரத்தம் கூடுதலாகச் சேர்கிறது. இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் இரத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்கிறது. அவன் கையைக்கூட அசைக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

கிணற்றில் குதித்த சிறிது நேரத்தில் சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஏன் என்ற கேள்விக்கும் விடை இதுவே. இதயத்தின் மேலறைகள் விரிவடைகின்றன. உடலில் இரத்தம் மிகுந்துவிட்டது என்று எண்ணி, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மூளை குறைக்கிறது. மேலறைகளும் தாமே ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. கனடாவில் டி போல்டு என்பவர் எலிகளின் இதயத்திலிருந்து எடுத்த சாற்றைக்கொண்டு 1981-இல் இதைக் காட்டினார். இதயம் ஒரு நாளமில்லாச் சுரப்பியும் ஆகும் என்பது அதுவரை பாடநூல்களில் இல்லாத செய்தி.

நீரில் ஊறிய விரல் நுனி சுருங்குவதையும் இங்கே கூறலாம். சோப்பு ஊறுவதுபோல் தோல் ஊறுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நரம்பு அறுபட்ட விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்குவதில்லை! இரத்தக் குழாய்களை நரம்புகள் சுருக்குவதால் ஏற்படும் மாற்றம் அது. கையில் நரம்பு மீண்டும் வேலை செய்கிறதா என்று அறிய, விரலை வெந்நீரில் ஊறவைத்துப் பார்க்கும் சோதனையே மருத்துவத்தில் உண்டு.

இதயத்திற்கும் நுரையீரலுக்கும் நீச்சல் நல்லது என்பதில் ஐயமில்லை. அது பலரும் எழுதியது; ஆகவே மேலே செல்கிறேன்.

வெப்பம்

ஆனந்தன் நீந்திய இரு கடல்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு வெப்பநிலை. பாக் ஜலசந்தியின் நீர் பொதுவாக 27 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆங்கிலக் கால்வாயில் கோடைக்காலத்திலும் 16 முதல் 18 டிகிரிதான். பத்து டிகிரி வித்தியாசம் காற்றில் ஒரு போர்வையோடு போய்விடும். நீரிலோ அப்படியன்று. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஆடையின்றி அசையாமல் இருக்கும் மனிதன் வெப்பத்தை இழக்காமல் இருக்கவேண்டுமானால் நீர் 33 முதல் 35 டிகிரி இருக்கவேண்டும். ஆதலின் நமது கிணறும் ஏரியும் உடலுக்குக் குளிர்நீரே. மார்கழியில் நெடுநேரம் நீரில் ஆடிய சிறுவர்களின் உதடு கறுத்து, பல் கிட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இத்துறையில் புகழ்பெற்ற ஆய்வு இங்கிலாந்தில் பியூ, எட்ஹோம் என்ற இருவர் 1955-இல் வெளியிட்டது. பியூ, 1953-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் உடலியல் அறிஞராகச் சென்றவர். ஆங்கிலக் கால்வாயை நீந்திய ஜாசன் ஸிர்கானோஸ் என்னும் கிரேக்க வீரரையும், ஒல்லியான உடலுடைய பியூவையும் 16 டிகிரி நீரில் இறக்கி உடலின் உள்வெப்பத்தை அளந்தனர். தோலுக்கடியில் நல்ல கொழுப்புடைய ஸிர்கானோஸின் வெப்பம் நெடுநேரம் நிலையாக நின்றது. பியூவின் வெப்பம் விரைவில் சரிந்தது. அதிலும் வியப்பு என்னவெனில், பியூ அசையாமல் கிடந்தபோதைவிட நீந்தியபோதுதான் வெப்பத்தை விரைவாக இழந்தார். கைகால்களை அசைத்தால் சூடு பிறக்கும் என்பது உண்மையே. ஆனால் அசையும் தசைக்கு இரத்தம் பாய்கிறது. அந்த இரத்தம் மெல்லிய தோலுக்கு அருகில் வந்து குளிர்ந்து திரும்புகிறது. உடலை ஒட்டி வெதுவெதுப்பான நீர்ப்படலமும் கலைந்துவிடுகிறது. வரவைவிடச் செலவு மிகுதி. குளிர்கடலில் கப்பல் மூழ்கினால், கரை எட்டும் தூரத்தில் இல்லாதபோது நீந்தாமல் மிதந்துகொண்டிருப்பதே நல்லது என்னும் அறிவுரை இத்தகைய ஆய்வுகளிலிருந்து பிறந்தது.

கொழுப்பின் வலிமைக்கு மற்றொரு சான்று, ஆனந்தன் மறைந்த அதே 1984-இல் கிடைத்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஐஸ்லாந்துக்கு அருகே ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்தது. நீரின் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி. ஐவரில் நால்வர் மாண்டனர். குட்லாகூர் ஃப்ரித்தோர்சன் என்னும் 22 வயது இளைஞர் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீந்திக் கரை சேர்ந்தார். அவரை லண்டனில் சோதித்த கீட்டிங் என்னும் பேராசிரியர், அவருடைய பருமனான உடலும் தடித்த தோலடிக் கொழுப்பும் காப்பாக அமைந்ததை எடுத்துக் காட்டினார்.

ஆனால் கொழுப்புக்கும் எல்லை உண்டு. மேலே கூறிய ஸிர்கானோஸ் 1959-இல் அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட, இன்னும் குளிர்ந்த கடலை நீந்த முயன்று இறந்தார். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் விரல்கள் கூடா, கைவீச்சு குறையும், அறிவு மங்கும். அறிவு மங்குவது மங்கியவனுக்குத் தெரிவதில்லை. ‘எனக்கு ஒன்றும் இல்லை, போகலாம்’ என்றே அவன் சொல்லுவான். ஆகவேதான் ஆங்கிலக் கால்வாயை நீந்துபவனுடன் ஒரு படகும் அதில் ஒரு பார்வையாளரும் செல்லவேண்டும் என்பது விதி. போதும் என்று தீர்மானிக்கும் உரிமை நீரில் இருப்பவனிடம் மட்டும் விடப்படுவதில்லை. அதற்கு முன்பே, 16 டிகிரி அல்லது அதற்கும் குறைந்த நீரில் ஆறு மணி நேரம் நீந்திக் காட்டவும் வேண்டும். 1966-இல் ஐந்து கடற்பகுதிகளை நீந்திய மிகிர் சென்னின் சாதனையை, 1994-இல் ஆறு கடற்பகுதிகளை நீந்தி விஞ்சிய நம் தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரனும் ஆங்கிலக் கால்வாயை இம்முறையில்தான், துணைப் படகுடன் கடந்தான்.

மூச்சு

குளிர் நம் ஊர்ப் பிரச்சினையன்று என்று நண்பர்கள் கூறலாம். மூச்சு நம் ஊர்ப் பிரச்சினைதான். ஏரியிலும் கிணற்றிலும் ‘யார் அதிக நேரம் தம் கட்டுவது’ என்று பந்தயம் வைப்பதை அறியாதார் இல்லை. பந்தயத்தில் வெல்ல ஒரு வழியும் வாய்மொழியாக வழங்குகிறது: முங்குமுன் பத்து இருபது முறை வேகமாக மூச்சை இழுத்து விடவேண்டுமாம். அந்த வழி பலிக்கிறது. ஏன் பலிக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டுகிறதே, அதற்குப் பெருங்காரணம் பிராணவாயு குறைவது அன்று, கரியமிலவாயு கூடுவதே. மூச்சைப் பெரும்பாலும் ஆள்வது கரியமிலவாயு என்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி இருவரும் 1905-இலேயே நிறுவினர். வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு மிகவும் குறைகிறது. பிராணவாயுவோ பெரிதாகக் கூடுவதில்லை. ஏனெனில் தமனி இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் சாதாரண மூச்சிலேயே ஏறக்குறைய நிறைந்துவிடுகிறது. ஆகவே முங்கியவன் தசைகள் பிராணவாயுவைத் தின்றுகொண்டே இருக்க, கரியமிலவாயு எச்சரிக்கை தரும் அளவை எட்டுமுன் மூளைக்குப் பிராணவாயு போதாமற் போய்விடுகிறது. நெஞ்சு முட்டாது. திணறல் இராது. விளக்கு அணைவதுபோல் நினைவு தப்பும். அடுத்த மூச்சு நீருக்குள்ளேயே எடுக்கப்படும். அமெரிக்காவில் ஆல்பர்ட் கிரெய்க் என்பவர், நீருக்கடியில் நீந்தும்போது நினைவிழந்தவர்களைப் பற்றி 1961-இல் எழுதியவற்றில் இதை விளக்கினார். நன்கு நீந்தத் தெரிந்தவனுக்கே இது நேர்கிறது. தெரியாதவன் அவ்வளவு நேரம் உள்ளே இருக்க மாட்டான்.

நினைவிழந்தவனை வெளியே எடுத்ததும் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை எடுக்க முயல்வதும் நம் ஊர்களில் இன்னும் காணப்படுகின்றன. மருத்துவர்கள் இவற்றை வேண்டாம் என்கின்றனர். மூச்சு இல்லையேல் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவேண்டும், மார்பை அழுத்தவேண்டும். ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குரியது.

மூச்சடக்கி வாழ்ந்தவர்கள் உலகில் இருக்கிறார்களே என்று கேட்கலாம். கொரிய நாட்டில் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்களை ஹாங், ரான் என்னும் அறிஞர்கள் 1960-களில் விரிவாக ஆராய்ந்தனர். பருத்தி உடையோடு மாரிக்காலத்திலும் மூழ்கிய அப்பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றம் அக்காலத்தில் உயர்வதைக் கண்டனர். 1970-களின் பிற்பகுதியில் ரப்பர் உடை வந்தபின் அந்தத் தகவமைப்பு மறைந்துபோயிற்று. உடல் தேவையில்லாததைச் சுமப்பதில்லை போலும். அப்பெண்களின் வழக்கமான மூழ்கல் சுமார் அரை நிமிடமே என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. ஓயாமல் பலமுறை மூழ்குவார்கள். ஒரே மூச்சில் வீரம் காட்டமாட்டார்கள்.

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் அப்படியே. கல்லைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கி, ஒரு நிமிட அளவில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலே வந்தனர். ஏரிப் பந்தயத்தில் கரையிலிருந்து எண்ணுபவன், எண்ணிக்கை கூடக் கூட மகிழ்கிறான். முத்துக்குளிப்பிலோ படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்தபடி, கீழே இறங்கியவனையே கருதிக்கொண்டிருப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று தென்பாண்டிக் கடற்கரையில் சொல்வதுண்டு. அவன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் அல்லவா இருக்கிறது!