ஏரியா மேனேஜர் வேலைக்கு ஆன்லைன் தேர்வு: எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு வயது 43. கோவையில் ஒரு துணிக்கடையில் ஸ்டோர் மேனேஜராக இருக்கிறேன். வேறொரு நிறுவனத்தில் ஏரியா மேனேஜர் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு முன்பு ஆன்லைன் தேர்வு எழுதச் சொல்லி லிங்க் அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் கெடு. கணக்கு, வாசிப்பு, சூழ்நிலைக் கேள்விகள், குணநலக் கேள்விகள் என நான்கு பகுதிகள். பரீட்சை எழுதி இருபது வருடம் ஆகிறது. விடைகள் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்த 3,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். இத்தகைய தேர்வுகள் பலவற்றில், பெரிய கேள்வித் தொகுப்பிலிருந்து ஆளுக்கு ஆள் வெவ்வேறு கேள்விகளைக் கணினி எடுத்துக் கொடுக்கும். வெப்கேமரா கண்காணிப்பு இருந்தால் வேறு திரைக்குப் போவதுகூடப் பதிவாகிவிடும். சில நிறுவனங்கள் நேரில் வரவழைத்து ஒரு சிறு தேர்வை மறுபடியும் வைத்து, இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

உங்களுக்குக் கணக்கை நினைத்துப் பயம் இருக்கலாம். ஆனால் உங்களைப் போன்ற அனுபவசாலிகள் அங்கே அதிகம் சறுக்குவதில்லை. ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்று நினைக்கும் இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

கணக்குப் பகுதியில் வருவது பள்ளிக் கணக்குதான்: சதவீதம், விகிதம், சராசரி, அட்டவணையைப் படிப்பது. ஜூனில் 48 லட்சம், ஜூலையில் 54 லட்சம் விற்பனை என்றால் உயர்வு 12.5 சதவீதம். அதே 54 மறுபடி 48 ஆனால் சரிவு 11.1 சதவீதம். எதை அடிப்படையாக வைத்து வகுக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நேரமும் குறைவு. சிசிஏடி என்ற தேர்வில் 15 நிமிடத்தில் 50 கேள்விகள். எல்லாவற்றையும் முடிப்பவர்கள் மிகச் சிலரே. ஆகவே ஒரே கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். தினமும் அரை மணி நேரம், கடிகாரம் வைத்துப் பயிற்சி செய்தால் போதும். எஸ்.எச்.எல். போன்ற, இத்தகைய தேர்வுகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் மாதிரித் தேர்வுகளை இலவசமாகவே தருகின்றன.

வாசிப்புப் பகுதியில் ‘சரி’, ‘தவறு’, ‘சொல்ல முடியாது’ என மூன்று விடைகள் இருக்கும். ‘கிளையில் பணி நேரம் மாற்றப்பட்டது. அதே ஆண்டில் 12 பேர் வேலையை விட்டார்கள்’ என்று பத்தி சொல்கிறது. ‘நேர மாற்றத்தால் ஆட்கள் விலகினார்கள்’ என்பது சரியா? கடை நடத்திய நீங்கள் உடனே ‘சரி’ என்பீர்கள். பத்தி அப்படிச் சொல்லவில்லை. விடை ‘சொல்ல முடியாது’. இந்தப் பகுதியில் உங்கள் அனுபவத்தை முழுக்க ஒதுக்கிவைத்துவிட்டுப் படியுங்கள்.

சூழ்நிலைக் கேள்விகளுக்குத்தான் உங்கள் வாரத்தில் பாதியையாவது தரச் சொல்வேன். உதாரணமாக, நன்றாக விற்கும் சேல்ஸ்மேன் இரண்டு வாரமாகத் தாமதமாக வருகிறார், மற்றவர்கள் முணுமுணுக்கிறார்கள், மாதக் கடைசி. டார்கெட் முடியட்டும் என்று கண்டும் காணாமல் விடுவது கடைகளில் சகஜம். தேர்வில் பொதுவாக அது மோசமான விடை. தனியே அழைத்துக் காரணம் கேட்டு, விதியைத் தெளிவாகச் சொல்லி, சில நாளில் மறுபடி பார்ப்பதே நல்ல விடை. எல்லார் முன்னாலும் திட்டுவதும், பேசிப் பார்க்காமலேயே எச்.ஆருக்கு எழுதுவதும் பின்தங்கும்.

இதைவிட நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. ஒரு கிளையில் ஸ்டாக் கணக்கு உதைக்கிறது. ‘நானே போய் எண்ணிப் பார்ப்பேன்’ என்ற விடை உங்களைக் கவரும்; இதுவரை உங்களை நல்ல மேனேஜராக்கியதே அந்தப் பழக்கம்தான். ஆனால் ஏரியா மேனேஜருக்கு ஆறேழு கடைகள் இருக்கும். அந்த ஸ்டோர் மேனேஜரிடம் காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லி, தேதி குறித்துத் திட்டம் வாங்கி, பின்தொடர்வதுதான் அவருடைய வேலை. ஒவ்வொரு கேள்வியிலும் இப்போதைய நாற்காலியிலிருந்து எழுந்து, விண்ணப்பித்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து யோசியுங்கள். வேலை விளம்பரத்தை அச்செடுத்து, அவர்கள் கேட்கும் திறன்களை அடிக்கோடிடுங்கள். விடைகளுக்கான மதிப்பெண் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே தீர்மானிக்கப்படுகிறது.

குணநலப் பகுதிக்குப் படிக்க எதுவும் இல்லை. மூன்று நல்ல வாக்கியங்களைக் கொடுத்து, உங்களுக்கு அதிகம் பொருந்துவது எது, குறைவாகப் பொருந்துவது எது என்று கேட்பார்கள். நடித்தால் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். அப்படியே தப்பினாலும், அந்த விடைகளிலிருந்து தயாராகும் அறிக்கையை வைத்துத்தான் நேர்காணலில் துருவுவார்கள். வேலையில் நீங்கள் எப்படி இருப்பீர்களோ அப்படியே பதில் சொல்லுங்கள்.

தேர்வைக் கெடுவின் கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள். போனில் எழுதாமல் லேப்டாப்பில் எழுதுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையுமா, முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியுமா என்பதைத் தொடங்குமுன் படித்துவிடுங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால், திரையைப் படமெடுத்து, நேரத்தைக் குறிப்பிட்டு, அன்றைக்கே எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தாமதித்துச் சொன்னால் மறுவாய்ப்புக் கிடைப்பது கடினம்.