தமிழ் நாக்குக்கு ஸ்பானிஷ் பழக்குவது எப்படி?

2005-ல் அஞ்சல்தலையிலேயே இடம்பிடித்தது ராஜபாளையம் நாய். அதைப் பற்றி ஸ்பானிஷில் பேச தமிழ் மாணவர் ஒருவர் வாயெடுத்தால், முதல் சொல்லே சோதிக்கும். 'பெர்ரோ' என்றால் நாய்; 'பெரோ' என்றால் 'ஆனால்'. ர, ற வேறுபாடு நம் எழுத்தில் இருக்கிறது, அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் இல்லை. அதனால் அந்த ஒலியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் உயிரொலிகள். ஸ்பானிஷில் ஐந்தே, குறில், நெடில் பேதம் கிடையாது. இரண்டு பழக்கங்களை மட்டும் விடவைக்க வேண்டும். 'ஓலா' (வணக்கம்) நம் வாயில் 'வோலா' ஆகும். 'மார்' (கடல்) 'மாரு' ஆகும். 'மார் அசுல்' (நீலக்கடல்) என்று சேர்த்துச் சொல்லவைத்தால் அந்த உகரம் தானே உதிரும்.

உண்மையான சிக்கல் மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினத்தில்தான். தங்கம், பந்து, பாம்பு மூன்றிலும் வல்லினம் தொண்டை அதிர்வோடு ஒலிக்கும். நாம் அதை யோசிப்பதே இல்லை. ஸ்பானிஷில் 'எவ்வளவு', 'எப்போது' இரண்டையும் தமிழில் 'குவாந்தோ' என்றுதான் எழுத முடியும். முன்னதில் வருவது 'பத்து'வின் த. பின்னதில் 'பந்து'வின் த. மாற்றிச் சொன்னால், கடையில் விலை கேட்கப் போனவர் நேரம் கேட்டு நிற்பார்.

இதற்கு மருந்து மாணவரின் வாயிலேயே இருக்கிறது. 'பாம்பு', 'ஷாம்பூ' என்று மாறி மாறிச் சொல்லவையுங்கள். இரண்டாவதில் ப அதிர்வதில்லை. அதே ப-வோடு 'கம்போ' (வயல்) வரட்டும். பிறகு ஆசிரியர் இரண்டு 'குவாந்தோ'க்களையும் கலந்து சொல்ல, மாணவர் பொருளை மட்டும் சொல்லட்டும். காது பிரித்தறியாததை நாக்கு பிரிக்காது.

'அமீகோ' (நண்பன்) என்பதன் க, 'மகன்' க-வைப் போல மெலிந்தே வரும். அங்கே திருத்தப் போகாதீர்கள்.

இனி ரகரம். 'பெரோ'வுக்கு 'மரம்' என்பதன் ர போதும். 'பெர்ரோ'வுக்கு நுனிநாக்கை மேற்பல்லின் பின்னுள்ள ஈறருகே தளர்வாக வைத்து, மூச்சை விசையாகத் தள்ள வேண்டும். நாக்கை இறுக்கினால் அதிராது. வண்டி ஓட்டி விளையாடும் பிள்ளைகளின் 'ட்ர்ர்ர்' நல்ல தொடக்கம். அதிலிருந்து 'ட்ர்ர்ரோ', 'ர்ரோ', பிறகு முழுச்சொல். தினம் சில நிமிடம் போதும், ஆனால் வாரக்கணக்கில் தொடர வேண்டும்.

இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழில் தந்தது வாசிப்பு வசதிக்காக மட்டுமே. எடையும் முத்தமும் தமிழெழுத்தில் ஒரே 'பெசோ'தான். மாணவரின் நோட்டில் முதல் வகுப்பிலிருந்தே ரோமன் எழுத்து இருக்கட்டும்.