செந்நதிக் கரையில் ஒரு கிராமமும் அதன் வெள்ளக்கரையும்

கனடா தேசத்து மானிடோபா மாகாணத்தில், தலைநகரான வின்னிபெக்குக்குத் தெற்கே, ரெட் ரிவர் என்னும் செந்நதியின் மேற்குக் கரையில் செயின்ட் அகாத் என்ற சிற்றூர் உள்ளது. ஜனத்தொகை சில நூறே. அப்பிரதேசத்தில் ஆதியில் குடியேறியோர், ஆற்றோரம் குறுகிய முகப்பும் உள்ளே இரண்டு மைல் வரை நீளமுமாக நிலங்களை அளந்து கொண்டனர். ஒவ்வொரு குடிக்கும் ஆற்றுத்துறை கிடைக்கவேண்டுமென்பது கருத்து.

பூமியோ பூர்வகாலத்து அகஸி என்னும் பெரிய ஏரியின் படுகை. கரிய களிமண், தானியத்துக்கு மிக உகந்தது. ஆயின் ஜலத்தை எளிதில் உறிஞ்சாது. வாட்டமும் மைலுக்குச் சுமார் அரை அடியே. மேலும் இந்நதி வடக்கு நோக்கி ஓடுகிறது. வசந்தத்தில் தெற்கே பனி முதலில் உருகி நீர் திரண்டு வருகையில், வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடப்பதுண்டு. போக வழியின்றி நீர் வயல்களில் பரவும்.

1966-ம் வருஷத்து வெள்ளத்துக்குப்பின் மாரிஸ், எமர்சன் முதலிய ஊர்களைச் சுற்றி நாற்புறமும் கரை எழுப்பப்பட்டது. செயின்ட் அகாத்துக்கு அத்தகைய கரை இல்லை. 1997 ஏப்ரலில் பெருவெள்ளம் வந்தபோது, கிராமத்தார் ஆற்றுப்பக்கத்தையே பெரிதும் காவல் செய்தனர். அக்காவல் பழுதுபடவில்லை. ஆனால் தெற்கே கரைபுரண்ட நீர் மேற்கே விரிந்து, ரஸ்தா மேடுகளிலும் ரயில்பாதை மேடுகளிலும் தேங்கியும் திரும்பியும், வயல்வழியாகவே வடக்கே நகர்ந்தது. ஏப்ரல் 29-ந் தேதி அது மேற்கிலிருந்து, அதாவது ஆற்றுக்கு நேர் எதிர்ப்புறமிருந்து, ஊருக்குள் புகுந்தது. ஜனங்கள் முன்னரே வெளியேறியிருந்தனர். வீடுகள் ஜலத்தில் நின்றன.

வாட்டமற்ற பூமியில் ஒரு ரஸ்தாவின் உயரம்கூட வெள்ளத்தின் திசையை மாற்றிவிடும். ஆகவே ஆற்றின் நீர்மட்டத்தை மட்டும் குறித்துவருதல் போதாது; ஊரின் பின்புறத்து வயல்மட்டத்தையும், ரஸ்தாக்களுக்கு அடியிலுள்ள குழாய்களின் நிலையையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பின்னர் இவ்வூருக்கும் சுற்றுக்கரை கட்டப்பட்டது. 2009-ல் மறுபடி பெருவெள்ளம் வந்தபோது அக்கரை ஊரைக் காத்தது. இவ்வகைக் கரைக்குச் செலவும் தொந்தரவும் உண்டு. வெளியே வெள்ளம் நிற்கையில் வடிகால் மதகுகளை மூடவேண்டும். அப்போது உள்ளே பெய்யும் மழைநீரை இயந்திரத்தால் இறைத்தே வெளியேற்றவேண்டும். கரைக்கு வெளியேயுள்ள வயல்களுக்கு அது யாதொரு காப்பும் அளிப்பதில்லை. அங்கே ஜலம் வடிந்து களிமண் காயும்வரை விதைப்புக்குக் காத்திருக்கவேண்டியதே.