சட்டம் செய்வோரும் செய்விப்போரும்

முன்னுரை

மாணவியரே! விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு விரைந்து செல்லும் தொழிலாளர் கூட்டத்தை நாம் அறிவோம். அவர்களுள் நம் பெற்றோரும் உறவினரும் உண்டு. அவர்கள் எத்தனை மணி நேரம் உழைக்கலாம், எந்த நாளில் ஓய்வு பெறலாம் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. அச்சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றுகிறது. தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் இருப்பதால் மாநிலச் சட்டமன்றமும் அதைத் திருத்தலாம். இது நம் குடிமையியல் பாடம். ஆனால், சட்டமன்றங்களைச் செயல்படத் தூண்டும் சக்திகள் பெரும்பாலும் வெளியிலேயே இருக்கின்றன. தொழிற்சாலைச் சட்டத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாளிகளும் தொழிலாளர்களும்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டு வந்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதை அது தடை செய்தது. இதை வற்புறுத்தியவர்களுள் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலை முதலாளிகளும் இருந்தனர். இரக்கம் மட்டுமா காரணம்? மலிவான பம்பாய்த் துணி தங்கள் வியாபாரத்தைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் காரணம்.

பின்னர்த் தொழிலாளரே பேசத் தொடங்கினர். நாராயண் மேகாஜி லோகண்டே பம்பாய் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி வார விடுமுறை கேட்டார். 1891ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறை அளித்தது. பெண்களின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பதினொரு மணியாக வரையறுத்தது. 1918இல் பி. பி. வாடியா, திரு. வி. க. ஆகியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. 1919இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு இந்தியாவுக்கு வாரம் 60 மணி நேரம் என முடிவு செய்தது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 48 மணி நேரமாயிற்று.

பேரழிவு கற்பித்த பாடம்

1984 டிசம்பரில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன்பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டமும் திருத்தப்பட்டது. ஆலையில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. தொழிற்பேட்டையை அடுத்து வாழும் நமக்கு இது எத்துணை இன்றியமையாதது! ஆனால், இதைப் பெற எத்தனை உயிர்கள் போகவேண்டியிருந்தது!

நம் மாநிலத்தில் நடந்தது

2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒரு திருத்த மசோதாவை நிறைவேற்றியது. அது நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தது. முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கின்றன என்று அரசு விளக்கியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1ஆம் நாள் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார். அதற்குச் சரியாக நூறாண்டுகளுக்கு முன், 1923இல், சென்னையில்தான் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார்.

முடிவுரை

பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதையும் பல தரப்பினர் தம் பக்கம் இழுக்கவே முயல்வர். சட்டம் செய்வோர் பிறர் சொல்வதைக் கேட்பது தவறன்று. ஒரு தரப்பை மட்டும் மறைவில் கேட்பதே தவறு. அமெரிக்காவில், சட்டமியற்றுவோரை அணுகிப் பேசுவதைத் தொழிலாகக் கொண்டோர் தம்மைப் பதிவு செய்ய வேண்டும் என 1995ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நம் நாட்டில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். செல்வர்க்கு அமைச்சரின் அறைவரை செல்ல வழியுண்டு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் வெளிமாநிலத்திலிருந்து வந்த கூலியாளுக்கும் ஒற்றுமையே வழி. சட்ட முன்வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் கருத்துக்கு வெளியிட வேண்டும் என்ற நடைமுறையை மத்திய அரசு 2014இல் வகுத்தது. அவற்றைப் படிக்கவும், கருத்தை எழுதி அனுப்பவும் கல்வி கற்ற நம்மால் இயலும். எழுதத் தெரியாத பெரியோருக்காகவும் நாம் எழுதுவோமாக!