விதை நெல்லும் ஒரு கோழி முட்டையும்

காவிரிப் படுகையில் குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் கல்லணையைக் கடந்து வாய்க்கால்களில் இறங்குவதற்குள் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்ட வீடுகளில் பல வேலைகள் நடந்தாக வேண்டும். நாற்றங்கால் உழ வேண்டும். வரப்பு வெட்ட வேண்டும். சாக்கிலோ குதிரிலோ எடுத்து வைத்த விதை நெல்லை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கடைசியில் சொன்ன வேலை பெரும்பாலும் வீட்டிலுள்ள பிள்ளைகளின் கைக்கும் வரும். பள்ளி மாணவர்களாகிய உங்களில் பலர் அதைச் செய்திருப்பீர்கள்.

அந்த வேலையிலே நல்ல பௌதிகப் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. நான்கு நண்பர்கள் சேர்ந்தால், ஒரு வாளி, கொஞ்சம் உப்பு, ஒரு கோழி முட்டை ஆகியவற்றைக் கொண்டே அதை ஒரு முறையான ஆராய்ச்சியாக மாற்றிவிடலாம். எப்படி என்று பார்ப்போம்.

காற்றுக்கு எட்டாத வேறுபாடு

களத்தில் நெல்லைத் தூற்றும்போது என்ன நடக்கிறது? முறத்திலிருந்து விழும் மணிகளின் மீது காற்று மோதுகிறது. பதரும் நல்ல நெல்லும் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே பருமன். ஆனால் பதரின் எடை மிகக் குறைவு. ஆகவே காற்று அதைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகிறது. நல்ல நெல் காலடியிலேயே குவிகிறது.

ஆனால் பதருக்கும் முழு மணிக்கும் இடையில் மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் கருக்காய். உமிக்குள் அரிசி பாதியோ முக்காலோதான் பிடித்திருக்கும். இதன் எடை முழு மணியின் எடையைவிடச் சிறிதளவே குறைவு. காற்றோ ஒரே சீராக வீசுவதில்லை. ஒரு கணம் பலமாகவும் மறுகணம் மெதுவாகவும் வீசும் காற்றினால் இந்தச் சிறு வேறுபாட்டைப் பிரித்தெடுக்க முடியாது. எனவே கருக்காய் நல்ல நெல்லோடு சேர்ந்தே தங்கிவிடுகிறது.

தங்கினால் என்ன? முளைவிட்ட நாற்று தானே உணவு தயாரிக்கத் தொடங்கும்வரை, மணிக்குள் இருக்கும் மாவுப்பொருளை உண்டுதான் வளர வேண்டும். தாய் கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது! கட்டுச்சோறு பாதியாக இருந்தால் நாற்று வாடி வதங்கி எழும். ஆகவே கருக்காயை விதைக்கும் முன்பே நீக்குவது நல்லது.

நீரே ஒரு சல்லடை

இங்கே ஆர்க்கிமிடீஸ் நமக்குத் துணை வருகிறார். நீரில் அமிழ்ந்த பொருள், தான் விலக்கிய நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. பொருளின் எடை இந்த விசையைவிட மிகுந்தால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. பருமனில் சமமான மூன்று மணிகள். ஒவ்வொன்றின் கன அளவும் 20 கன மில்லிமீட்டர் என்று கொள்வோம். முழு மணியின் எடை 24 மில்லிகிராம், கருக்காயின் எடை 21 மில்லிகிராம், பதரின் எடை 8 மில்லிகிராம். மூன்றும் முழுவதும் அமிழ்ந்தால் ஒவ்வொன்றும் 20 மில்லிகிராம் நல்ல தண்ணீரை விலக்கும். எனவே 8 மில்லிகிராம் பதர் மட்டுமே மிதக்கும். கருக்காய், முழு மணி இரண்டும் அடியில் போய்ச் சேரும்.

இப்போது தண்ணீரில் உப்பைக் கரைத்து, அதன் அடர்த்தியைக் கன சென்டிமீட்டருக்கு 1.09 கிராமாக உயர்த்துவோம். அதே மணி இப்போது விலக்கும் கரைசலின் எடை 21.8 மில்லிகிராம். 21 மில்லிகிராம் கருக்காய் மேலே வந்துவிடும். 24 மில்லிகிராம் முழு மணி அடியிலேயே கிடக்கும்!

காற்றுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். காற்று மணிகளைச் சற்று அருகில், சற்றுத் தொலைவில் என்று பரப்பிப் போடுகிறது. நீரோ, மேலா கீழா என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பின் எல்லையை உப்பின் அளவால் நாமே குறிக்கலாம். கண்களின் அளவை வேண்டியபடி மாற்றிக்கொள்ளத்தக்க சல்லடை என்று இதைச் சொல்லலாம்.

இம்முறையை 1882-ஆம் ஆண்டில் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதியில் யோகோய் டோக்கியோஷி என்ற வேளாண் அறிஞர் வகுத்தளித்தார். அங்கே சாதாரண நெல்லுக்கு ஒப்படர்த்தி 1.13 உள்ள கரைசலையும், பசைத்தன்மை மிக்க அரிசி தரும் நெல்லுக்கு 1.08 உள்ள கரைசலையும் பயன்படுத்துவது வழக்கம். ரகத்துக்கு ரகம் எல்லை மாறும் என்பது இதிலிருந்து விளங்குகிறது. நம் ஊரில் இந்த எல்லையைக் காட்டுவது ஒரு கோழி முட்டை.

முட்டை எனும் திரவமானி

புதிய கோழி முட்டையின் அடர்த்தி ஏறத்தாழ 1.08. ஒரு முட்டையின் எடை 54 கிராம், கன அளவு 50 கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் அது விலக்குவது 50 கிராம்தான், ஆகவே மூழ்குகிறது. உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே வந்தால், கரைசலின் அடர்த்தி 1.08-ஐத் தாண்டும்போது முட்டை அடியை விட்டு எழும்பும். அதன் முனை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளியே தெரியும்போது அடர்த்தி ஏறத்தாழ 1.09. 10 லிட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பு செல்லும். பாட்டரிக் கடையில் அமிலத்தின் அடர்த்தியைப் பார்க்கும் கண்ணாடித் திரவமானியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

ஆனால் கருவி சரியாக இருக்க வேண்டும் அல்லவா? முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. நாளாக ஆக உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேற, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. ஓட்டின் அளவு மாறாமல் எடை மட்டும் குறைவதால் முட்டையின் அடர்த்தி குறைகிறது. பழைய முட்டை, உப்பு போதாத கரைசலிலேயே மிதந்து நம்மை ஏமாற்றிவிடும். எனவே முதலில் நல்ல தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதியது. நிமிர்ந்து நின்றாலோ மிதந்தாலோ வேண்டாம்.

முட்டை புழங்காத வீடுகளில் உருளைக்கிழங்கைப் பயன்படுத்தலாம். அதன் அடர்த்தியும் 1.08-ஐ ஒட்டியதுதான், ஆனால் கிழங்குக்குக் கிழங்கு மாறும். இரண்டையும் சரிபார்க்க நம்பகமான வழி தராசு. ஒரு லிட்டர் படியில் கரைசலை நிரப்பி நிறுத்து, காலிப் படியின் எடையைக் கழியுங்கள். 1090 கிராம் வந்தால் அடர்த்தி 1.09.

நால்வர் செய்யும் சோதனை

வேண்டியவை: அரை கிலோ விதை நெல், 2 லிட்டர் தண்ணீர், 300 கிராம் உப்பு, ஒரு முட்டை, பழைய பருத்தித் துணி. கடையில் வாங்கிய, மருந்து கலந்து நிறமேற்றிய விதையை இதற்குத் தொடவே கூடாது.

முதலில் 400 மணிகளைப் பிரிக்காமல் எண்ணி ஒரு சிறு துணியில் கட்டித் தனியே வையுங்கள். மீதி நெல்லைக் கரைசலில் கொட்டி, கையால் நன்றாகக் கலக்குங்கள். உமியின் மீதுள்ள சிறு மயிர்களில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு, கனமான மணியையும் மிதக்கவைக்கும். கலக்கினால் குமிழிகள் விடுபடும். இரண்டு மூன்று நிமிடங்களில் மிதப்பவற்றை அரித்தெடுத்துவிட்டு, மூழ்கியவற்றையும் எடுத்து, இரண்டையும் தனித்தனியாக நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

கட்டிவைத்த 400 மணிகளையும் கரைசலில் அதே நேரம் நனைத்து, அதே போலக் கழுவுங்கள். ஏன்? அவற்றை நனைக்காமல் விட்டால், முடிவில் தெரியும் வேறுபாடு மணியின் எடையால் வந்ததா, உப்பு பட்டதால் வந்ததா என்று சொல்ல முடியாது. ஒன்றைத் தவிர மற்றவை யாவும் சமமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

இனி ஆளுக்கு மூன்று பொட்டலங்கள்: மூழ்கியவை 100, மிதந்தவை 100, பிரிக்காதவை 100. நால்வருக்குமாகப் பன்னிரண்டு பொட்டலங்கள். ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுருட்டி, காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழாம் நாள் எண்ணுங்கள்.

ஆளுக்கு நூறு என்பதிலும் ஒரு பொருள் உண்டு. விதைப் பரிசோதனை நிலையங்களில் முளைப்புத் திறன் பார்க்க 400 விதைகளை நூறு நூறாகப் பிரித்து வைப்பதுதான் முறை. நெல்லுக்கு அங்கே 14-ஆம் நாள்வரை பார்க்கிறார்கள். சான்று பெற்ற நெல் விதையில் நூற்றுக்குக் குறைந்தது 80 முளைக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது

இனிமேல்தான் நண்பர்கள் கட்டாயம் வேண்டும்.

முளை பாதி எட்டிப் பார்க்கும் ஒரு மணி இருக்கிறது. அதை முளைத்ததாகக் கொள்வதா, இல்லையா? அது மூழ்கிய நெல் என்று தெரிந்திருந்தால், மனம் அறியாமலேயே ‘முளைத்தது’ என்று சேர்த்துக்கொள்வோம். மிதந்த நெல் என்று தெரிந்திருந்தால் தள்ளிவிடுவோம். பொய் சொல்லும் எண்ணம் நமக்கில்லை. இருந்தாலும் கணக்கு சாய்ந்துவிடும்.

இதைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள். முதலாவது, வேரும் தளிரும் இரண்டும் தெரிந்தால்தான் முளைத்ததாகக் கொள்வது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதிவையுங்கள். இரண்டாவது, பொட்டலங்களின் பெயர்ச்சீட்டுகளை எடுத்துவிட்டு 1 முதல் 12 வரை எண்களை மாற்றிப் போடும் வேலையைத் தம்பியிடமோ தங்கையிடமோ ஒப்படையுங்கள். எந்த எண் எதற்குரியது என்ற குறிப்பு அவர்களிடமே இருக்கட்டும். நால்வரும் எண்ணி எழுதிய பிறகே அதைப் பிரித்துப் பாருங்கள். புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது மருத்துவ உலகில் கையாளும் முறையும் இத்தகையதே.

நால்வரின் கணக்கும் ஒன்றாக இராது. ஒருவருக்கு 84, இன்னொருவருக்கு 78 என்று வரலாம். யாரும் தவறு செய்ததாகக் கொள்ளாதீர்கள். நூற்றுக்கு 80 முளைக்கும் நெல்லிலிருந்து நூறு நூறாக எடுத்தால், தற்செயலாகவே நான்கைந்து கூடும், குறையும். ஆகவே மூழ்கியது 82, பிரிக்காதது 80 என்று ஒருவருக்கு மட்டும் வந்தால் அதை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. நால்வருக்கும் ஒரே பக்கமாகப் பெரிய வேறுபாடு தெரிந்தால் நம்பலாம். முளைகளின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள்; கட்டுச்சோற்றின் அளவு அதில் தெரியும்.

எடை வேறு, உயிர் வேறு

ஒன்றை மறந்துவிடக் கூடாது. உப்புக் கரைசல் சொல்வது மணி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை மட்டுமே. ஈரம் பட்டோ, பல ஆண்டுகள் கிடந்தோ உயிரற்றுப்போன மணியும் கனமாக இருந்தால் அடியில்தான் கிடக்கும். மறுபுறம், புதிதாக அறுத்த நெல் உயிரோடிருந்தும் சில வாரங்கள் முளைக்காமல் உறங்கக்கூடும். எடையைக் கேட்பதற்கு உப்பு நீர், உயிரைக் கேட்பதற்கு ஈரத்துணி. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியே விடை வேண்டும்.

இது நோட்டுப் புத்தகத்தோடு முடிகிற செய்தியில்லை. 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒற்றை நாற்று நடும் முறையில் சதுர மீட்டருக்கு 16 நாற்றுகள். ஏக்கருக்கு ஏறத்தாழ 65,000. ஆயிரம் மணிகளின் எடை 20 கிராம் என்றால் மொத்தம் 1.3 கிலோ விதைதான்! அதனால்தான் இம்முறையில் ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை போதும் என்கிறார்கள். குத்துக்கு ஒரே நாற்று என்றால் அது நலிந்த நாற்றாக இருக்கக் கூடாது.

மேலும், நம் பகுதியில் விதை கைமாறிப் பயணம் செய்கிறது. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் பாரம்பரிய நெல் திருவிழாக்களை நடத்திய நெல் ஜெயராமன், 2018-இல் காலமானார். அவரிடம் 2 கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படித் திரும்பும் விதையில் கருக்காய் எவ்வளவு, உயிரற்றது எவ்வளவு என்பது அடுத்து வாங்கும் உழவரின் பயிரைத் தீர்மானிக்கும். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகமானாலும், தாத்தா காலத்து மாப்பிள்ளைச் சம்பாவானாலும், கொடுக்கும் முன் சோதித்துக் கொடுப்பது கொடுப்பவரின் கடமை.

வேலை முடிந்ததும் உப்புத் தண்ணீரை வயலிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள், மண் கெடும். அகன்ற தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால் உப்பு திரும்பக் கிடைக்கும். அடுத்த சோதனைக்கு உதவும். மிதந்த நெல்லைக் கழுவிக் கோழிக்குப் போடலாம். முட்டையை என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

சிந்திக்கச் சில கேள்விகள்

1. கரைசலைக் கலக்காமல் விட்டால் முட்டை சில வேளைகளில் பாத்திரத்தின் நடுவிலேயே நிற்கிறது. ஏன்?

2. ஒன்றரைக் கிலோ உப்பின் கன அளவு ஏறத்தாழ 0.7 லிட்டர். அதை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் கன அளவு அரை லிட்டர் அளவே உயர்கிறது. மீதி எங்கே போயிற்று?

3. நண்பர் ஒருவர் நான்கு நாள் பழைய முட்டையைப் பயன்படுத்திவிட்டார். அவருடைய கரைசலில் நல்ல நெல் மிதக்குமா, கருக்காய் மூழ்குமா?