வெந்நீர்க் கலத்தின் இரு காவலர்கள்

– இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது நம் நாட்டுப் பழமொழி. வெப்பத்திற்கு இது மிகவும் பொருந்தும். இட்லியை வேகவைப்பதும் வெப்பமே. வீட்டை எரிப்பதும் வெப்பமே. எவ்வளவு வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அறிந்து அடக்கி வைத்தால்தான் அது நமக்குத் தொண்டு செய்யும். அப்படி அடக்கி வைக்கும் சிறு கருவிக்குத் தெர்மோஸ்டாட் என்று பெயர். இஸ்திரிப் பெட்டியிலும், குளிர்பதனப் பெட்டியிலும், குளியலறையில் மாட்டியிருக்கும் கீசரிலும் அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்து வேலை செய்கிறது. இவற்றுள் கீசரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் தெர்மோஸ்டாட் எப்படி இயங்குகிறது, பழுதுபட்டால் எப்படி அறிவது, அதிலுள்ள சிவப்புப் பொத்தானை எப்போது அழுத்தலாம், எப்போது அழுத்தலாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெர்மோஸ்டாட் பிறந்த கதை

வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் முயற்சி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உண்டு. ஹாலந்து நாட்டவரான கார்னேலிஸ் டிரெபெல் என்பவர் பாதரசத்தின் விரிவைப் பயன்படுத்தி, அடுப்பின் காற்றுவழியைத் திறந்து மூடும் அமைப்பு ஒன்றைச் செய்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர், கப்பலில் செல்லும் தமது கடிகாரம் வெப்பத்தால் நேரம் பிசகாதிருக்க ஈருலோகப் பட்டையைப் பயன்படுத்தினார். தெர்மோஸ்டாட் என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்காட்லாந்து வேதியியலறிஞர் ஆண்ட்ரூ யூர். 1830இல் ஈருலோகப் பட்டையால் இயங்கும் கருவி ஒன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார்.

வீடுகளையும் பள்ளிகளையும் குளிர்காலத்தில் சூடாக்க வேண்டிய அமெரிக்காவில்தான் இக்கருவிக்குப் பெருந்தேவை எழுந்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் என்னும் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். வகுப்பறையில் வெப்பம் சரியாக உள்ளதா என்று பார்க்கக் கட்டடக் காவலாளி அடிக்கடி உள்ளே வருவது பாடத்திற்கு இடையூறாக இருந்தது. இதற்குத் தீர்வாக ஜான்சன் அமைத்த மின் கருவிக்கு 1883இல் காப்புரிமை கிடைத்தது. அந்த முதற்கருவி அடுப்பைத் தானாக அணைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அது கீழ்த்தளத்தில் மணியடித்தது. ஒரு மனிதனை அழைத்து, ‘வந்து பார்’ என்று சொன்னது. நம் கீசரின் சிவப்புப் பொத்தானுக்கும் இம்மணிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

இயங்கும் விதம்

நம் வீடுகளில் உள்ள சேமிப்பு வகைக் கீசர்கள் பலவற்றில் தண்டு வடிவத் தெர்மோஸ்டாட் உள்ளது. பித்தளைக் குழாய் ஒன்றின் உள்ளே இன்வார் என்னும் உலோகக் கலவையாலான கம்பி இருக்கும். இரண்டும் ஒரு முனையில் இணைக்கப்பட்டிருக்கும். பித்தளை வெப்பத்தால் நன்கு விரியும்; இன்வார் மிகக் குறைவாகவே விரியும். இன்வாரை 1896இல் கண்டறிந்த சார்லஸ் எடுவார்டு கியோம் 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

நீர் சூடாகும்போது குழாய் நீளுகிறது. கம்பி ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. இந்த வேறுபாடு மறுமுனையில் உள்ள இணைப்பு முனைகளைப் பிரித்து மின்சாரத்தை நிறுத்துகிறது. 20 செ.மீ. நீளமுள்ள தண்டு 25 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் வேறுபாடு எவ்வளவு என்று நம் பாடநூல் விரிவெண்களைக் கொண்டு கணக்கிட்டுப் பார்த்தேன். பித்தளைக்கு டிகிரி ஒன்றுக்குப் பத்து லட்சத்தில் 19 பங்கு, இன்வாருக்கு 1.2 பங்கு எனக் கொண்டால், ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் விடை! இந்த நுண்ணிய அசைவை நம்பித்தான் 2000 வாட் மின்சாரம் நிற்கிறது. 230 வோல்ட்டில் இது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் ஆகும். இணைப்பு முனைகள் மெல்ல மெல்ல விலகினால் இடையில் தீப்பொறி பறந்து முனைகள் உருகும். ஆகவே ஒரு வில்லின் உதவியால் அவை ‘டக்’கென்று விலகுமாறு அமைத்திருக்கிறார்கள். நிற்கும் வெப்பநிலைக்கும் மீண்டும் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே சில டிகிரி வேறுபாடு இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது காவலன்

தெர்மோஸ்டாட் என்னும் முதற்காவலன் உறங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்காக வைக்கப்பட்டதே கட்-அவுட். கட்-அவுட் என்றதும் திரையரங்க வாசலில் மாலையோடு நிற்கும் நடிகர்களின் உருவம் நண்பர்களுக்கு நினைவு வரலாம். இது அதுவன்று. தெர்மோஸ்டாட் நிறுத்த வேண்டிய வெப்பநிலையையும் தாண்டி நீர் சூடாகுமானால், கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். நீர் ஆறியபின் தெர்மோஸ்டாட் தானே மீண்டும் இணைந்துகொள்ளும், கட்-அவுட் இணையாது. யாராவது மூடியைக் கழற்றி, அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் இணையும்.

ஏன் இப்படிச் செய்தார்கள்? தானே மீளும்படி செய்யத் தெரியாமல் அன்று. முதற்காவலன் தவறிவிட்டான் என்பதை ஒரு மனிதன் அறிய வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும் என்பதற்காகவே வேண்டுமென்று அப்படி அமைத்தார்கள். வைட்வாட்டர் கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஒலித்த மணியைப் போலவே இதுவும் ஓர் அழைப்பு. காரணம் அறியாமல் பொத்தானை அழுத்துவது, அழைப்பு மணியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வதற்கு ஒப்பாகும்.

இவ்விரண்டும் தவறினாலும், அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு ஒன்று கலத்தின் நீர்க்குழாயில் பொருத்தப்படுகிறது. பல கீசர்களில் உருகிவிடும் அடைப்பு ஒன்றும் உண்டு.

‘டைரக்ட்’ என்னும் தீமை

என் மாமா மின்பணியாளர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். விடுமுறை நாட்களில் நான் அவருக்கு உதவியாகச் செல்வது வழக்கம். கடந்த மார்கழியில் ஒரு வீட்டில் கீசரின் விளக்கு எரியவில்லை என்று அழைத்தார்கள். மூடியைக் கழற்றியதும் மாமா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கட்-அவுட்டின் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயர் நேராக இணைத்திருந்தது. முன்பு வந்த மெக்கானிக் செய்த வேலை அது. தொழிலில் இதற்கு ‘டைரக்ட் கொடுப்பது’ என்று பெயர்.

“அம்மா, விளக்கு மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. ஆனா இதை இப்படியே விட்டுட்டு என்னால போக முடியாது. தெர்மோஸ்டாட், கட்-அவுட் ரெண்டும் புதுசு போடணும். சாமான் வாங்கிட்டு வர சாயங்காலம் ஆயிடும்” என்றார் மாமா.

“ரெண்டு மாசமா நல்லாத்தானேப்பா சூடாவுது? பிள்ளைங்க குளிச்சு ஸ்கூலுக்குப் போகணும். இப்போதைக்கு விளக்கை மட்டும் மாத்திக் குடுத்துட்டுப் போயேன்” என்றார் அந்த அம்மையார்.

“நல்லா சூடாவுதுன்னுதாம்மா நானும் சொல்றேன். நிறுத்தத்தான் ஆள் இல்லை.”

அந்த அம்மையாருக்கு மனவருத்தந்தான். வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னார். மாமா பதில் பேசாமல் பாதுகாப்பு வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதன் துளை சுண்ணாம்புப் படிவால் முற்றிலும் அடைபட்டிருந்தது. அதைப் பார்த்தபின் அவர் மறுக்கவில்லை. அன்று காலை அவ்வீட்டில் அடுப்பில்தான் வெந்நீர் காய்ந்தது.

அந்த வீட்டில் என்ன நடந்திருக்கக்கூடும் என்று அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். 15 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 2205 கிலோஜூல் தேவை. 2000 வாட் கீசரில் இதற்கு 18 நிமிடம் ஆகும். 60 டிகிரியில் மின்சாரம் நிற்காவிட்டால், 100 டிகிரியை எட்ட இன்னும் 21 நிமிடமே போதும். பாலைக் காய்ச்சிக் காப்பி போட்டு, நாளிதழைப் புரட்டி முடிக்கும் நேரம்!

மூடிய கலத்தில் 100 டிகிரியோடு கதை முடிவதில்லை. பிரஷர் குக்கரில் போல அழுத்தம் உயர, கொதிநிலையும் உயரும். 120 டிகிரியில் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் இரு மடங்கு; 150 டிகிரியில் நான்கரை மடங்குக்கும் மேல். நல்ல கலம் இதைத் தாங்கிக்கொள்ளும். துருப்பிடித்து மெலிந்த கலம் அந்நிலையில் வெடித்தால், உள்ளிருக்கும் நீரில் ஏறத்தாழ 1.4 கிலோ நொடிப்பொழுதில் ஆவியாகும். அந்த ஆவியின் கனஅளவு 2300 லிட்டர். சிறிய குளியலறை ஒன்றில் பாதியை அது நிரப்பிவிடும். உள்ளுறை வெப்பம் என்று வகுப்பில் படித்த சொல்லின் முழுப்பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது. அச்சொல்லை அறியாத என் மாமா, அதன் பொருளை முன்பே அறிந்திருந்தார்.

பழுதுகளும் காரணங்களும்

கீசரைத் திறக்குமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். பிளக் இல்லாமல் நேரடி இணைப்பாக இருந்தால் எம்.சி.பி.யை இறக்கி, டெஸ்டரால் சோதித்த பின்னரே தொடவேண்டும். ஈரக்கையும் ஈரத்தரையும் கூடா. மின்பணி அறியாதவர்கள் கீழ்க்கண்டவற்றைத் தெரிந்துகொள்ளலாம். வேலையை அறிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

1. நீர் சூடாகவே இல்லை: முதலில் பிளக்கிலும் எம்.சி.பி.யிலும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரால் சூடேற்றும் சுருளின் மின்தடையை அளக்க வேண்டும். 2000 வாட் சுருளுக்கு அது 26 ஓம் அளவில் இருக்கும். முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது.

2. சுருள் நன்றாக உள்ளது. ஆனாலும் சூடாகவில்லை: ஆறிய நிலையில் தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளுக்கிடையே மின்தடை ஏறத்தாழச் சுழியாக இருக்கவேண்டும். அங்குச் சரியாக இருந்தால் கட்-அவுட் துண்டித்திருக்கிறது என்று பொருள். நீர் நன்றாக ஆறிய பிறகு சிவப்புப் பொத்தானை ஒருமுறை அழுத்தலாம். ‘டிக்’கென்ற ஒலி கேட்கும்.

3. மீண்டும் துண்டிக்கிறது: இனி அழுத்தலாகாது. தெர்மோஸ்டாட்டின் இணைப்பு முனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். முனைகளில் திருகாணி தளர்ந்து அவ்விடம் சூடேறலாம். கலத்தில் நீர் இல்லாமலோ குறைந்தோ இருக்கும்போது சுவிட்சைப் போட்டிருக்கலாம். நாள்தோறும் பொத்தானை அழுத்திச் சமாளிப்போர் உண்டு. கட்-அவுட் எப்போதோ ஒருமுறை இயங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதற்கு அன்றாட வேலை கொடுத்தால் அதுவும் கெடும்.

4. தொட்டால் மின்னதிர்ச்சி: சுருளின் காப்பு கெட்டுவிட்டது. சுருளுக்கும் கலத்தின் உடலுக்கும் இடையே மின்தடை மிக உயர்ந்து இருக்கவேண்டும். எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் கீசர் மாட்டுவது அறிவுடைமை ஆகாது.

பெரும்பாலான பழுதுகளுக்கு அடியில் இருப்பது கடினநீரே. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடாக்கும்போது கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருளின் மீது படிந்தால் சுருள் மிகையாகச் சூடேறும். தெர்மோஸ்டாட் தண்டின் உறைமீது படிந்தால் நீரின் வெப்பநிலையை அது தாமதமாகவே உணரும். உப்பு நீர் வரும் ஊர்களில் ஆண்டுக்கு ஒருமுறையாவது கலத்தைத் திறந்து படிவை நீக்கி, பாதுகாப்பு வால்வையும் சோதிக்கச் செய்வது நன்று.

ஒரு சோதனை

அந்த வீட்டில் கழற்றிய பழைய தெர்மோஸ்டாட்டையும், புதியது ஒன்றையும் ஆசிரியரின் அனுமதியுடன் நம் இயற்பியல் ஆய்வகத்தில் சோதித்தேன். மின்சாரம் எதுவும் தராமல், தண்டை மட்டும் முகவையிலுள்ள நீரில் மூழ்கவைத்து, முனைகளை மல்டிமீட்டருடன் இணைத்தேன். நீரை மெல்லச் சூடாக்கியபோது புதியது 61 டிகிரியில் விலகியது. ஆறும்போது 53 டிகிரியில் இணைந்தது. பழையது 85 டிகிரி வரையிலும் விலகவே இல்லை. பிரித்துப் பார்த்தபோது இணைப்பு முனைகள் இரண்டும் உருகி ஒன்றாகியிருந்தன. வெப்பவிரிவைப் படிக்கும் முதலாண்டு மாணவர்களுக்கு இதனைவிட எளிய சோதனை வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட் ஒன்றின் விலை சில நூறு ரூபாய்தான்.

முடிவுரை

கருவிகள் நமக்கு வாய்திறந்து பேசுவதில்லை. நின்றுபோவதே அவற்றின் பேச்சு. கட்-அவுட் துண்டிப்பதைக் கருவியின் குறும்பு என்று எண்ணாமல், அது தரும் செய்தி என்று கொள்ளவேண்டும். ஒருமுறை அழுத்துக; மறுமுறை நின்றால் காரணம் தேடுக; எவர் சொன்னாலும் ‘டைரக்ட்’ கொடுக்க இணங்காதீர். அறிவியல் பயிலும் நாம் ஒவ்வொருவரும் இவ்வாண்டு விடுமுறையில் நம் வீட்டாரிடமும் அண்டை வீட்டாரிடமும் ஒரு கேள்வி கேட்போமாக: ‘உங்கள் கீசரின் பாதுகாப்பு வால்வையும் கட்-அவுட்டையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?’ நாம் படித்த இயற்பியல் நம் தெருவுக்குச் செய்யும் சிறு தொண்டாக அது அமையும்.